'பிறபொருள்' என்னும் சொல்: பற்றீரியாவின் மேற்பரப்புப் புரதங்களும் எமது விமர்சன மொழியும்

1

ஈழத்துப் பாடசாலைகளில் உயிரியலைத் தமிழ்வழி கற்ற எவரும் 'பிறபொருளெதிரி' என்ற சொல்லை அறிவர். அந்நியப் பொருளொன்று உடலினுட் புகுந்தவிடத்து அதனை எதிர்க்கும் பொருட்டு உடல் ஆக்கும் புரதத்துக்கு எமது கலைச்சொல்லாக்கத்தினர் இட்ட பெயர் அது. அத்தகைய புரதத்தைத் தோற்றுவிக்கும் பொருள் 'பிறபொருளெதிரியாக்கி' எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதே புரதத்தை 'எதிர்ப்பொருள்' என்று சொல்லி அமைந்துவிடுகின்றன. எமது சொல்லோ 'பிற' என்னும் அடையை விடாது பற்றி நிற்கிறது.

சொல்லாக்கத்தின் செம்மையைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான நூல்களையும் ஆக்கிய காலந்தொட்டு இந்நாட்டில் வளர்ந்துவந்த மரபொன்றின் பயனே இச்சொற்கள். ஆனால் எச்சொல்லும் பொருளை மட்டும் சுமந்து வருவதில்லை. அச்சொல் பிறந்த சமூகத்தின் எண்ணப்பாங்கையும் உடன் சுமந்து வருகிறது. உடல் தன்னைத் தானே அறியும், பிறரைக் கண்ட மாத்திரத்தே இனங்காணும், கண்டதும் எதிர்க்கும் என்ற முடிபு 'பிறபொருளெதிரி' என்னும் சொல்லினுள்ளே முன்னரே செய்து வைக்கப்பட்டுள்ளது. 'தன்னது' எது, 'பிறது' எது என்ற வினா அங்கு எழுவதேயில்லை.

அவ்வினா எழவேண்டியது என்பதும், நுண்ணுயிரியலே அதனை எழுப்பியுள்ளது என்பதும், அவ்வாறு எழுப்பப்பட்ட வினா எமது இலக்கிய விமர்சனத்தின் சில பழக்கங்களையும் கேள்விக்குள்ளாக்குகிறது என்பதுமே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துக்களாகும். பேராதனை வளாகத்திலே தமிழ்த்துறையும் 1962 இல் தொடங்கப்பெற்ற மருத்துவ பீடமும் ஒரே ஆற்றின் அயலில் அமைந்துள்ளன. அவற்றிடையே நடைபெறவேண்டிய உரையாடல் மட்டும் இன்னும் தக்கவாறு தொடங்கவில்லை.

2

கண்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் வயலும் மலைச்சரிவுகளில் தேயிலையும் அமைந்திருப்பதை நாம் நாளும் காண்கிறோம். வயலில் இறங்குபவரை வாட்டும் நோய்களுள் ஒன்று எலிக்காய்ச்சல். சிங்களத்தில் அதனை 'மீ உண' என்பர். இதனை விளைவிக்கும் பற்றீரியா லெப்டோஸ்பைரா எனப்படும். எலிகளின் சிறுநீரகத்திலும், மாடு எருமை முதலிய விலங்குகளிலும் தங்கி, அவற்றின் சிறுநீருடன் வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர் தரித்திருக்கும். வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவனின் காலிலுள்ள சிறு வெட்டுக்காயமே அதற்குப் போதிய வழி. 2008 இல் இலங்கையில் இந்நோய் பெருமளவிற் பரவியபோது 7,000 க்கு மேற்பட்டோர் நோயாளரெனச் சந்தேகிக்கப்பட்டனர். ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டி, மாத்தளை, கேகாலை ஆகியனவும் அடங்கும்.

இந்நோய்க்கு உலகெங்கும் வழங்கிய பழைய பெயர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. நெல்வயற் காய்ச்சல், கரும்பு வெட்டுவோர் நோய், பன்றி மேய்ப்போர் நோய், சேற்றுக் காய்ச்சல் என்பன அவற்றுட் சில. 1886 இல் ஜேர்மனிய மருத்துவர் அடொல்ப் வெயில் இதன் கடுமையான வடிவத்தை விவரித்தார். 1915 அளவில் ஜப்பானிய அறிஞரான இனாடாவும் இடோவும் கியூஷு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே கண்ட நோயிலிருந்து இப்பற்றீரியாவைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் ஜேர்மனிய ஆய்வாளர் முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளிற் கிடந்த படைவீரரிடையே இதனைக் கண்டனர். உழவன், கரும்பு வெட்டுபவன், சுரங்கத் தொழிலாளி, சாதாரணப் படைவீரன் ஆகியோரே இந்நோயின் வரலாற்று நாயகர். மக்கள் இட்ட பெயர்களில் உழைப்பு நிற்கிறது.

அறிவியலாளர் இட்ட பெயர்களிலோ வேறொரு வரலாறு நிற்கிறது. லெப்டோஸ்பைராவில் இன்று 250 க்கு மேற்பட்ட வகைகள் 'சீரோவார்' என்ற பெயரிற் பிரித்தறியப்படுகின்றன. ஜாவானிக்கா, பட்டாவியே, சிலோனிக்கா என்றவாறு அவற்றுட் பல காலனித்துவ நிலப்படத்தின் ஊர்ப்பெயர்களையே தாங்கியுள்ளன. சில மாதிரி விகாரங்களுக்கு மனிதப் பெயர்கள் இடப்பட்டுள்ளன. அவற்றுள் எமது நாட்டுச் சாதாரணச் சிங்களப் பெயரொன்றும் உண்டு. குருதி கொடுத்த உழைப்பாளியின் பெயர் உலகின் ஆய்வுகூடக் குளிர்பெட்டிகளிற் போத்தற் சுட்டியாக நிலைத்திருக்க, அவரது வாழ்வைப் பற்றி அச்சுட்டி எதுவும் கூறுவதில்லை.

3

இனி மேற்பரப்பில் நடப்பதைக் காண்போம். சீரோவார்களை வேறுபடுத்துவது பெரும்பாலும் பற்றீரியாவின் வெளிமென்சவ்விலுள்ள வெல்லச் சங்கிலிகளின் அமைப்பேயாகும். ஆனால் மனித உடலுடன் அது கொள்ளும் உறவுகளுட் பல, அம்மென்சவ்வில் நாட்டப்பட்டுள்ள புரதங்கள் வழியாகவே நிகழ்கின்றன. லிப்-எல்-32, லிக்-ஏ, லிக்-பீ என்பன அத்தகைய புரதங்கள். அவை மனித இழையங்களைப் பிணைத்து நிற்கும் பைப்ரோனெக்டின், லமினின், கொலாஜன் ஆகியவற்றையும், குருதி உறைதற்குரிய பைபிரினோஜனையும் வெவ்வேறு வலுவுடன் பற்றிக்கொள்ளவல்லவை. லிக்-பீ புரதத்தின் எல்லாப் பகுதிகளும் எல்லா மனிதப் புரதங்களுடனும் ஒரே வலுவிற் பிணைவதில்லை. அதன் நீண்ட உடலிலே ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நாட்டம் உண்டு.

இப்பிணைப்புக்களுள் எமது வினாவுக்கு மிக நெருங்கியது 'காரணி எச்' என்னும் மனிதப் புரதத்துடனான பிணைப்பாகும். அதனை விளங்கிக்கொள்ள, குருதியிலுள்ள 'நிரப்பித் தொகுதி' என்ற பாதுகாப்புப் புரதங்களின் தொழிற்பாட்டை அறிதல் வேண்டும். இத்தொகுதியின் ஒரு கிளை ஓயாது தொழிற்படுகிறது. அதிலிருந்து தோன்றும் சீ3பீ என்ற துண்டு, தன் அருகேயுள்ள எந்த மேற்பரப்பிலும் சென்று ஒட்டும். அது எமது கலமா பற்றீரியாவின் கலமா என்ற பேதம் அதற்கில்லை. ஒட்டிய இடத்தில் அது பெருகி, அம்மேற்பரப்பைத் துளைத்தழிக்கும் தொடரொன்றைத் தூண்டும். அவ்வாறாயின் எமது கலங்கள் எவ்வாறு தப்புகின்றன? எமது கலங்களின் மேற்பரப்பிலுள்ள குறித்த சில வெல்லங்களைக் காரணி எச் இனங்கண்டு அங்கு வந்து அமர்ந்து, சீ3பீயைத் துண்டாக்குவதற்குத் துணைநின்று, தாக்குதலை அணைத்துவிடுகிறது.

இதன் பொருளை நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். தன்னது என்பது உடலிற் பிறவியிலேயே பொறிக்கப்பட்ட தகுதியன்று. ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு மேற்பரப்பிலும் நிகழும் பிணைப்பொன்றினால் மீண்டும் மீண்டும் நிலைநாட்டப்படும் உறவு அது. அப்பிணைப்புத் தவறுமாயின் உடல் தன்னையே தாக்கும். காரணி எச் குறைபாடுடையோரிற் சிலவகைச் சிறுநீரக நோய்கள் தோன்றுவது இதனாலேயே. அதேபோல், அப்பிணைப்பைப் பெற்றுக்கொள்ளும் எந்த மேற்பரப்பும் தாக்குதலிலிருந்து தப்பும். நோயுண்டாக்கும் லெப்டோஸ்பைரா தனது மேற்பரப்புப் புரதங்களாற் காரணி எச்சைக் கவர்ந்து தன்மீது அமர்த்திக்கொள்கிறது. ஆற்றுநீரில் வாழ்ந்து எவருக்கும் தீங்கு செய்யாத அதன் உறவினமான லெப்டோஸ்பைரா பைபிளெக்சா மனிதக் குருதிநீரில் விரைவில் அழிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் நுண்நோக்கியினூடு நோக்கின் ஒரே வகையான சுருள் வடிவமே தெரியும். அழிவதையும் பிழைப்பதையும் தீர்மானிப்பதில் மேற்பரப்பின் வேறுபாடு பெரும்பங்கு கொள்கிறது. 2011 இல் வெளியான ஆய்வொன்றில், லிக் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளைத் தீங்கற்ற பைபிளெக்சாவினுட் புகுத்தியபோது, அது மனிதக் கலங்களிலும் பைப்ரோனெக்டினிலும் முன்னரிலும் வலுவாக ஒட்டியமை காட்டப்பட்டது.

இன்னுமொரு செய்தி. லெப்டோஸ்பைரா லிக் புரதங்களை எப்பொழுதும் ஒரே அளவில் ஆக்குவதில்லை. வயல்நீரில் உப்பு மிகக் குறைவு. மனித உடலின் உப்புச்செறிவை ஒத்த சூழலில் இப்புரதங்களின் ஆக்கம் உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மறுபுறம், ஆய்வுகூடத்திற் பலகாலம் வளர்ப்பூடகத்தில் வளர்க்கப்பட்ட விகாரங்கள் வீரியத்தை இழப்பதுடன் லிக் புரதங்களையும் கைவிட்டுவிடுவதுண்டு. நீரின் உப்பிலே ஏற்படும் அளவு மாற்றம் உயிரியின் நடத்தையிலே பண்பு மாற்றமாக வெளிப்படுவதை இங்குக் காண்கிறோம். எனினும் இதனைக் கொண்டு இயக்கவியலை 'நிரூபித்துவிட்டோம்' என்று கொண்டாடும் பழைய பழக்கத்துக்கு நாம் இரையாகலாகாது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

4

மேற்பரப்புப் புரதங்களின் வேறுபாடு பிணைப்பை எவ்வாறு பாதிக்கிறது என்ற வினாவுக்கு ஒரே வரியில் விடை கூற முயல்வோர் இருவகைத் தவறுக்குள்ளாவர்.

முதலாவது, சிறு வேறுபாடு ஒன்றும் செய்யாது எனக் கருதும் தவறு. மூளைமென்சவ்வழற்சியை விளைவிக்கும் மெனிங்கோகொக்கசு என்ற பற்றீரியாவுக்கும் காரணி எச்சைப் பற்றும் மேற்பரப்புப் புரதமொன்று உண்டு. மனித மேற்பரப்பில் வெல்லங்கள் ஆற்றும் பணியை அப்புரதம் தன் அமினோவமிலங்களால் நடித்துக் காட்டுகிறது என 2009 இல் அறியப்பட்டது. அதில் இரண்டு அமினோவமிலங்களை மாற்றியவிடத்துப் பிணைப்பு ஏறக்குறைய இல்லாதொழிந்தது. மேலும் அப்புரதம் மனிதரின் காரணி எச்சைப் பற்றுமேயன்றி எலியின் காரணி எச்சைப் பற்றாது. ஆகவே வேறுபாடு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. பற்றுபவரும் பற்றப்படுபவரும் கூடியே பிணைப்பைத் தீர்மானிக்கின்றனர். இப்புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசிகள் 2013, 2014 ஆம் ஆண்டுகளில் மேலைநாடுகளிற் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டன. அவற்றை ஆக்கியோர் எதிர்கொண்ட முதன்மையான சிக்கல் இப்புரதத்தின் வேறுபாடுகளே.

இரண்டாவது, வேறுபாடு பெரிதாயின் உறவு அறுந்துவிடும் எனக் கருதும் தவறு. தொண்டையழற்சியையும் அதன் பின்விளைவான வாதக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஸ்ரெப்ரோகொக்கசுவின் மேற்பரப்பில் 'எம் புரதம்' உள்ளது. றெபேக்கா லான்ஸ்பீல்ட் 1920 களில் ஆராயத் தொடங்கிய இப்புரதத்தில் இன்று 200 க்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அதன் நுனிப்பகுதி வகைக்கு வகை பெரிதும் மாறுபடுகிறது. ஒரு வகைக்கு எதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரி பொதுவாக மற்றொரு வகையை அறியாது. எனினும் அவற்றுட் பல, நிரப்பித் தொகுதியைக் கட்டுப்படுத்தும் இன்னொரு மனிதப் புரதமான சீ4 பிணைப்புப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. வரிசை மாறினும், பற்றுதற்குரிய சில புள்ளிகளின் ஒழுங்கு மறைவாகப் பேணப்பட்டிருப்பதை 2016 இல் வெளியான அமைப்பாய்வு வெளிக்கொணர்ந்தது. உடலின் கண்ணுக்கு வேறாகவும் உடலின் கைக்கு ஒன்றாகவும் இருத்தல் என்று இதனைச் சொல்லலாம்.

எமது விமர்சன மரபில் உருவம் – உள்ளடக்கம் பற்றிய விவாதத்தை அறிந்தோர்க்கு இவ்விரு தவறுகளும் புதியனவல்ல. உருவத்திலே சிறு மாற்றம் கண்டவுடன் 'உள்ளடக்கம் மாறவில்லை' எனப் புறந்தள்ளியதும், பெருமாற்றம் கண்டவுடன் 'மரபு அறுந்தது' என அலறியதும் நாம் செய்தவையே. மேற்பரப்பு என்றதும் அதனை மேலோட்டமானது எனக் கொள்ளும் மனப்பாங்கு எமக்கு நெடுநாட் பழக்கம். ஆனால் உறவுகள் நிகழும் இடம் மேற்பரப்பே. அங்கு நிகழ்வதை அறியாது 'அடித்தளம்' பற்றிப் பேசுபவர், எலிக்காய்ச்சலுக்குக் காரணம் எலி என்று கூறி அமைபவருக்கு ஒப்பானவர்.

இவற்றினும் முக்கியமானதொரு பாடமும் உண்டு. லிக்-பீ இத்தனை தொழில்களைச் செய்வதாயின், அதனை நீக்கிய பற்றீரியா வீரியமிழக்க வேண்டுமன்றோ? 2008 இல் வெளியான ஆய்வில் லிக்-பீ அற்ற லெப்டோஸ்பைரா ஆய்வுகூட விலங்குகளிற் குன்றாது நோய் விளைத்தது. மென்சவ்விற் பெருந்தொகையாகவுள்ள லிப்-எல்-32 நீக்கப்பட்டபோதும் அதுவே நிகழ்ந்தது. ஒன்று செய்யும் பணியை இன்னொன்றும் செய்யவல்லதாதலின், தனியொரு புரதத்தைச் சாவியாகக் கொள்ளும் 'பூட்டும் சாவியும்' உவமை இங்குப் போதாது. காரணம் என்பது தனிப்பொருளில் இல்லை, உறவுகளின் தொகுதியிலே உள்ளது என்ற முடிபுக்கு உயிரியலாளர் தம் பரிசோதனை மேசையிலிருந்தே வந்துசேர்ந்துள்ளனர். றிச்சட் லெவின்சும் றிச்சட் லெவொண்டினும் 1985 இல் வெளியிட்ட 'இயக்கவியல் உயிரியலாளர்' என்ற நூலில் வற்புறுத்தியதும் இத்தகைய நோக்கையே.

5

நோயை உறவுகளின் தொகுதியாகக் காணும் இந்நோக்குடன் எமது புனைகதைகளிடம் திரும்புவோமாயின், அவற்றின் நிறையும் குறையும் புதிதாகத் தெரியவருகின்றன.

தோட்டத்து வாழ்வைச் சித்திரிக்கும் தமிழ்க் கதைகளில் நோய் மூவகையாக இடம்பெறுவதை நாம் அவதானிக்கலாம். விதியாக வருவது ஒன்று: கதைமாந்தரைக் கொல்லவேண்டிய இடத்திற் காய்ச்சலொன்று வந்து அப்பணியைச் செய்து போகும். குறியீடாக வருவது மற்றொன்று: இருமலும் குருதியும் சமூகத்தின் 'அழுகலை'ச் சுட்டும். உழைப்பின் விளைவாக வருவது மூன்றாவது. இம்மூன்றாம் வகையே எண்ணிக்கையிற் குறைந்தது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935), திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற பெண்ணின் உடல்நோயைத் தோட்டத்து அதிகாரத்திலிருந்து பிரிக்கமுடியாதவாறு காட்டிய கதை. அதன் வலிமை அங்கேயே உள்ளது. எனினும் நோய் அங்குக் களங்கத்தின் சாயலையும் இழக்கவில்லை. அதிகாரம் செய்த அநீதியின் தடமாகவும் பெண்ணின் வீழ்ச்சியின் அடையாளமாகவும் அது ஒருங்கே நிற்கிறது. இவ்விரட்டைத்தன்மையை நாம் கதையின் தோல்வி என்று கூறவில்லை. அக்காலத்து நடுத்தர வர்க்க எழுத்தாளனின் பிரக்ஞையில் நோயும் ஒழுக்கமும் எத்துணை இறுகப் பிணைந்திருந்தன என்பதற்கு அது சான்று.

இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது பி. எச். டானியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்த இந்நாவல் வால்பாறைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டது. ஆசிரியர் அத்தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றியவர். இங்குக் குளிர், பசி, நெரிசலான குடியிருப்பு, கங்காணியின் கடன், மலேரியா ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகளாக நிற்கின்றன. நோய் கதையை முடித்துவைக்க வருவதில்லை. கூலி கணக்கிடப்படும் முறையைப் போலவே அது நாள்தோறும் இயங்குகிறது. பாத்திர வார்ப்பிலும் மொழியிலும் புதுமைப்பித்தனுக்கு நிகராக இந்நாவலை வைத்தல் இயலாது. ஆனால் நோயைப் பற்றிய அறிவு கதையின் கட்டமைப்பாகவே மாறக்கூடும் என்பதை அது காட்டியது. அறிவியல் அறிவு படைப்புக்குப் பகை என்ற கூற்றுக்கு இதனினும் நல்ல மறுப்பில்லை.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமுடையது. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட அந்நோயின்போது கேகாலை முதலிய இடங்களில் நிவாரணப் பணி புரிந்த சூரியமல் இயக்கத்தினரே, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைப்பதில் முன்னின்றனர். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளானமை, முன்னர் நோய் காணாத ஈரவலய மக்களின் எதிர்ப்பாற்றலின்மை, விளைச்சலின்மையால் வந்த பட்டினி ஆகிய யாவும் கூடியே அப்பேரழிவை விளைத்தன. இந்நாட்டு இடதுசாரி இயக்கம் தன் முதற் பாடத்தை நோயாளியின் கட்டிலருகே கற்றது எனின் அது மிகையன்று. 1848 இல் மேற்சிலேசியாவின் தைபசுக் காய்ச்சலை ஆராய்ந்து, அதற்கு மருந்தாக மக்களாட்சியையும் கல்வியையும் பரிந்துரைத்த றுடொல்ப் விர்ச்சோவின் மரபு அது. அப்பாடம் எமது இலக்கியத்துக்குப் போதியளவு வந்துசேரவில்லை.

6

இப்பொழுது, முன்னர் ஒத்திவைத்த பொருளுக்கு வருவோம். காரணி எச் பற்றிய செய்தியைக் கேட்கும் எவரது மனத்திலும் ஓர் உவமை உடனே எழும்: தன் நாட்டவன் என்ற அடையாளச் சீட்டு. கண்டியிலிருந்து இதனை எழுதும் எமக்கு அவ்வுவமை மேலும் அருகில் நிற்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மலைகளைக் கோப்பிக் காலந்தொட்டுத் திருத்திய மக்களின் பெரும்பகுதியினரை ஒரே நாளில் 'பிறர்' ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் முடிவுக்குக் கொண்டுவர 1988 இனதும் 2003 இனதும் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் அக்காலமெல்லாம் ஒரு பிறபொருளெதிரியைப் போலவே தொழிற்பட்டது.

உவமை கவர்ச்சியானது. ஆனால் நாம் அதனை இங்கேயே நிறுத்திவிடுதல் வேண்டும். ஏனெனில் அதே உவமை எதிர்த்திசையிலும் இலகுவாக ஓடும். எமது சீட்டைக் களவாடி எம்முள் மறைந்து வாழும் கிருமி என்பதே, இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் சிறுபான்மையினரைக் குறித்து இனவாதிகள் பயன்படுத்திய படிமம். பற்றீரியாவின் புரதத்திலிருந்து குடியுரிமைக்கு நேரே பாலம் கட்டுபவர் அப்பாலத்தில் யார் நடந்து வருவர் என்பதைத் தீர்மானிக்க வல்லவரல்லர். இயற்கையிலிருந்து அரசியலைப் பிழிந்தெடுக்க முயன்றதன் விளைவை, 1948 இல் சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கை அரச கொள்கையானபோது, இடதுசாரிகள் பெருவிலை கொடுத்துக் கற்றனர். இயக்கவியலை இயற்கையில் 'நிரூபிக்கும்' ஆவலை நாம் மேலே தவிர்த்ததும் இதனாலேயே.

இவ்விடத்துச் சுயவிமர்சனமும் வேண்டப்படுகிறது. 'ஒட்டுண்ணி வர்க்கம்', 'நச்சுக்கிருமி இலக்கியம்', 'சமூகப் புற்றுநோய்' என்றெல்லாம் முற்போக்கு விமர்சனத்தில் எழுதியோர் நாமே. எதிரியைப் பெயரிட்டு அழைக்கிறோம் என்று நம்பினோம். சுரண்டல் என்னும் உறவை விளக்கவேண்டிய இடத்திற் கிருமி என்னும் பொருளை வைத்தோம். உறவை மாற்றலாம், கிருமியை ஒழிக்கவே முடியும். சொல் இவ்வாறு சிந்தனையை எங்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே எச்சரிக்கையுண்டு. 1948 இற் பிரஜாவுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்த சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் அமைச்சரவையில் இணைந்தது. அவ்வரசே அவ்வாண்டு ஒக்டோபரில் மேற்படி ஒப்பந்தத்தைச் செய்தது. தோட்டத் தொழிலாளி உற்பத்தி உறவினுள் வைத்துப் பார்க்கப்பட்டபோது தோழனாகவும், தேசம் என்ற 'உடலினுள்' வைத்துப் பார்க்கப்பட்டபோது பிறபொருளாகவும் தெரிந்தான். பார்த்த கண்கள் ஒன்றே. அவை பயன்படுத்திய உருவகம் மாறியிருந்தது. சூசன் சொன்ராக் 1978 இல் வெளியிட்ட 'நோய் என்னும் உருவகம்' என்ற நூல் நோயாளியின் பொருட்டு எழுப்பிய எதிர்ப்பை, எமது சூழலிற் குடியுரிமை இழந்தவரின் பொருட்டும் நாம் எழுப்பவேண்டியுள்ளது.

7

அவ்வாறாயின் விமர்சகன் நுண்ணுயிரியலிலிருந்து பெறக்கூடியது யாது? உவமையைப் பெறவேண்டியதில்லை, ஒழுங்கைப் பெறலாம். எலிக்காய்ச்சலை உறுதிசெய்யப் பயன்படும் திரட்சிச் சோதனையை எண்ணிப் பார்ப்போம். நோயாளியின் குருதிநீரை, உயிருள்ள லெப்டோஸ்பைரா விகாரங்கள் பலவற்றுடன் தனித்தனியே கலந்து, எதனுடன் அது திரள்கிறது என்று நுண்நோக்கியில் நோக்குவர். சோதனைக்கு எடுக்கப்பட்ட விகாரத் தொகுதியில் அவ்வூர் விகாரம் இல்லையெனின் உண்மையான நோயும் 'இல்லை' என முடிவுபெறக்கூடும். ஆகவே அவ்வவ்வூர் வயலிலிருந்தும் நோயாளியிலிருந்தும் விகாரங்களைப் பிரித்தெடுத்துத் தொகுதியிற் சேர்ப்பது தவிர்க்கவியலாத பணியாகிறது. கையிலிருக்கும் அளவுகோலின் எல்லையை அறிதலும், புறத்தேயிருந்து வந்த தொகுதியை உள்ளூர்ப் பொருள்கொண்டு திருத்துதலும் அறிவியலின் அன்றாட ஒழுக்கம். மலையக இலக்கியத்தை யாழ்ப்பாணத்து அளவுகோலாலும் சென்னையின் அளவுகோலாலும் அளந்து 'இல்லை' என எழுதியோர் இதிற் கற்கவேண்டியது உண்டு.

'பிறபொருளெதிரி' என்ற சொல்லைப் பாடநூலிலிருந்து அகற்றவேண்டும் என நாம் கோரவில்லை. நன்கு வேரூன்றிய கலைச்சொல்லைப் பிடுங்குவதால் மாணவர்க்கு இடரே மிகும். ஆனால் அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், உடல் தன்னையும் பிறரையும் பிறவியறிவால் அறிவதில்லை, மேற்பரப்புக்களின் பிணைப்பினால் இடைவிடாது அறிந்துகொள்கிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். தமிழில் அறிவியல் எழுதுவோர் கிருமிகளின் 'படையெடுப்பு', 'ஊடுருவல்', 'சதி' என்ற போர்மொழியைக் குறைத்து, பிணைப்பு, நாட்டம், சூழல் ஆகிய சொற்களைப் பெருக்குதல் வேண்டும். விமர்சகர் நோயைச் சொல்லும் கதையைப் படிக்கும்போது, அந்நோய் எவ்வாறு, எந்த நீரில், எந்த வேலையின்போது, எந்த உடலை அடைந்தது என்று கேட்டல் வேண்டும்.

பெரும்போகத்துக்கு வயல் உழும் காலத்திற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், ஆபத்துக்குட்பட்ட விவசாயிகளுக்கு வாரமொருமுறை உட்கொள்ளும்படி டொக்ஸிசைக்கிளின் வில்லைகளை வழங்குகின்றனர். இது பயனுள்ள ஏற்பாடு. நாம் அதனை ஆதரிக்கிறோம். ஆயினும் வில்லையைப் பெற்றுக்கொண்டு சேற்றில் இறங்குபவன் சிங்கள விவசாயியாயினும், தோட்டத்துச் சம்பளம் போதாது அயற்கிராமத்து வயலில் அன்றாடக் கூலிக்கு நிற்கும் தமிழ்த் தொழிலாளியாயினும், அவனது காலிலுள்ள காயத்தை லெப்டோஸ்பைரா வேறுபடுத்தி அறிவதில்லை. அவ்விருவரையும் ஒரே சேற்றில் நிறுத்திய உறவுகளை விளக்குவது மருத்துவத்தின் பணி மட்டுமன்று. அது எமது பணியுமாகும்.